அறைக் கதவில் ஓடிய கோச்சி

பொழுது சாய்கிற நேரம். சீனன்குடாவிலிருந்து திருகோணமலைக்கு வருகிற ரோட்டு. ஒரு பக்கம் எண்ணெய்த் தாங்கிகள், காடு மூடிப்போய், கறுப்பாய்... மறுபக்கம் தண்ணீர். கேர்பியூ, ஊரடங்கு, தொடங்கப் போகிறது. ரோட்டில் ஒரு குருவி இல்லை. ஒரே ஒரு சைக்கிள். கிறீச்... கிறீச்... என்று சங்கிலி அழுகிறது.

ஓட்டி வருகிறவர் பாக்கியரத்தினம். எங்கள் சோமசேகரம் இருக்கிறான் அல்லவா, அவனுடைய பெரியப்பா. ஸ்டேசன் மாஸ்டர். எந்த ஸ்டேசன் என்று கேட்காதீர்கள். சீனன்குடாவுக்கு அப்பால் ஒரு சின்ன ஸ்டேசன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரை இருட்டிய பிறகு நான் சொல்வதில்லை. யாரடா அங்கே சிரிக்கிறது? நம்பாதவர்கள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். தனியாகத்தான் போக வேண்டும், சொல்லிவிட்டேன்.

சென்றியில், காவல் அரணடியில், ஆமிக்காரன் மறித்தான். பையைக் கொட்டச் சொன்னான். கொட்டினார். தேயிலைப் பெட்டிகளைச் சுற்றி அடிக்கிற இரும்புப் பட்டிகள், ஒரு சுருள் வயர், ஆணிகள்... அந்தக் காலத்தில் இதில் ஒன்று போதும், ஆளை உள்ளே தள்ள. மனுசனுக்கு முதுகெல்லாம் வேர்வை. கடைசியாகப் பைக்குள் இருந்து உருண்டு விழுந்தது, ஒரு விளையாட்டு எஞ்சின். கைக்குள் அடங்குகிற அளவு. ஜப்பான் சாமான்.

ஆமிக்காரன் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துச் சில்லை விரலால் சுற்றினான். யாருக்கு என்று சிங்களத்தில் கேட்டான். மகனுக்கு என்றார் பாக்கியரத்தினம். மகன் சின்னப் பிள்ளையா என்று கேட்டான். ஓம், சின்னப் பிள்ளை என்றார். ஆமிக்காரன் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துப் போக விட்டான்.

பொய். மகன் ஆனந்தராசாவுக்குக் கலியாணம் பேசுகிற வயது. அதோடு, அவன் வீட்டில் இல்லை. மாரி தொடங்குமுன் போனவன்... போனவன்தான்.

எப்படிப் போனான் என்பதைச் சொல்லாமல் மேலே போக ஏலாது. கேளுங்கள். நம்முடைய பக்கம் ஒற்றைத் தண்டவாளம். இரண்டு ஸ்டேசனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு கோச்சிதான், ஒரு ரயில்தான், ஓடலாம். ஓடுகிறவனிடம் ஸ்டேசன் மாஸ்டர் ஒரு வட்டமான இரும்புத் தகடு கொடுப்பார். தோல் பைக்குள் போட்டு, தோளில் மாட்டுகிற பெரிய வளையத்தோடு கொடுப்பார். அதற்குப் பெயர் டப்ளட். அது திரும்பி ஒரு ஸ்டேசன் மாஸ்டரின் கைக்கு வரும்வரை, லைனில் ஆள் இருக்கிறது என்று கணக்கு. வேறு யாரும் உள்ளே போகக்கூடாது. டப்ளட் வந்தால் கோச்சி வந்தது. வராவிட்டால் வரவில்லை. அவ்வளவுதான் சட்டம்.

ஆனந்தன் லைன் திருத்துகிற பகுதியில் வேலை. குண்டு வெடித்த இடத்தைப் பார்த்துவர தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகிற ஒரு டுரொலியில் இரண்டு பேரோடு போகச் சொன்னார்கள். டப்ளட் கொடுத்தது தகப்பன்தான். கொடுத்தபோது, எல்லாருக்கும் சொல்கிறதையே அவனுக்கும் சொன்னார்.

"உயிர் போனாலும் இதை விட்டிடாத. கொண்டுவந்து என்ர கையில தா."

"தாறன் அப்பா," என்று சிரித்துக்கொண்டு போனான்.

மலைக்கு அந்தப் பக்கம், மதகடியில், வெடி கேட்டது. கூடப் போன இருவரும் வயலுக்குள் குதித்து ஓடித் தப்பி வந்தார்கள். ஆனந்தனையும் ஓடத்தான் சொன்னார்களாம். அவன், "டப்ளட் டுரொலியில கிடக்கு" என்று திரும்பி ஓடினானாம். பிறகு டுரொலி கிடைத்தது, கவிழ்ந்தபடி. ஆனந்தன் கிடைக்கவில்லை. டப்ளட்டும் கிடைக்கவில்லை. அந்த லைனும் அன்றோடு நின்றுபோனது.

சுட்டது யார் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை.

ஸ்டேசனைப் பூட்டியாயிற்று. பாக்கியரத்தினம் லிங்கநகர் வீட்டில் கூட்டுக்குள் அடைபட்ட மாதிரி. பின்னேரமானால் கேர்பியூ. விறாந்தையிலிருந்து குசினி, குசினியிலிருந்து விறாந்தை. இருக்க மாட்டார். வெளியே நாய் குரைத்தால் எழும்புவார். மனைவி புஷ்பவதி மட்டும் ஒவ்வொரு பொழுதும் மூன்றாவது சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பா.

அப்போதுதான் அலுமாரிக்குப் பின்னால் அந்தப் படம் கைக்கு வந்தது. பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் தகப்பனும் மகனும் பென்சிலால் போட்டது. வீட்டில் ஒரு குட்டி ரயில்பாதை கட்ட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. எத்தனை ஞாயிற்றுக்கிழமை சண்டை! தகப்பனுக்குக் கந்தளாய் வரை எல்லா ஸ்டேசனும் வேண்டும். மகன், "ஒரு செக்சன் போதும் அப்பா. எங்கட ஸ்டேசன், மலை, மதகு, அடுத்த ஸ்டேசன். நிறைய வைச்சா ஒண்டும் வடிவா வராது" என்பான். வட்டமாய்ப் போடுவோமா என்றால் தகப்பன் விடமாட்டார். கோச்சி வட்டமடிக்கிறது குழந்தைப்பிள்ளை விளையாட்டாம். போனால் அதே வழியால் திரும்பி வர வேண்டுமாம்.

இனிச் சும்மா இருப்பாரா? தொடங்கிவிட்டார்.

நீட்டான பலகை வேண்டும். ஊரில் பலகை ஏது? ஆனந்தனின் அறைக் கதவைக் கழற்றி, நடு வீட்டில், உட்காருகிற வாங்குகள் இரண்டின்மேல் கிடத்தினார்.  மகன் இல்லாத அறைக்குக் கதவு எதற்கு என்று புஷ்பவதி நினைத்தாவோ, என்னவோ. திறந்து கிடந்த வாசலுக்குத் தன் பழைய சேலையொன்றைக் கட்டிவிட்டா.

சென்றியில் கொட்டின அந்த இரும்புப் பட்டியைக் கீறித் தண்டவாளம். தீக்குச்சியைத் தாரில் தோய்த்துச் சிலிப்பர் கட்டை. கடற்கரைச் சிப்பியை இடித்து, தேயிலை வடியில் அரித்து, தண்டவாளத்துக்கு நடுவே கொட்டுகிற கல். வடியைக் கண்டபோது புஷ்பவதி போட்ட சத்தம் உப்புவெளி வரை கேட்டிருக்கும். காய்ந்த பீர்க்கங்காய் நாரைக் கிள்ளிப் பச்சை பூசினால், அச்சாய் மரம். மலையைப் பேப்பரும் சோற்றுப் பசையும் குழைத்துக் கட்டினார். முதல் மலையை எலி தின்றுவிட்டது. இரண்டாவது மலைக்குப் பசையில் வேப்பெண்ணெய் கலந்தார். கதவின் ஓரமாய் நீலப் பெயின்ற் அடித்துக் குடாக் கடல். ஆணிதான் பிரச்சினை. சின்ன ஆணி கிடைக்கவில்லை. கிடைத்தது எல்லாம் நீளம். அடிக்க அடிக்கக் கதவைத் துளைத்துக்கொண்டு அடியில் வந்து நின்றன, வரிசையாய். கூட்டப் போன புஷ்பவதியின் சேலை அதில் மாட்டிக் கிழிந்தது. "பிள்ளையின்ர கதவை முள்ளுச் செடியாக்கிப் போட்டியளே," என்று அதற்கும் ஒரு பாட்டு.

கரண்ட்? சுவிச்சைப் போட்டால் வரும் என்ற நம்பிக்கை இல்லை. பற்றரியோ சென்றியில் பறிபோகும். அதற்குத்தான் ஸெய்னுதீன். கிண்ணியாக்காரர், துறை கடந்து வந்து நகரில் ரேடியோ திருத்துகிறவர், பாக்கியரத்தினத்துக்குப் பழைய கூட்டாளி. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவைச் சில்லில் பூட்டி, பழைய ரேடியோவில் கழற்றிய ஏதோ ஒரு சாமானை நடுவில் வைத்து, இரண்டு வயரைத் தண்டவாளத்தில் கொண்டுபோய்ப் பொருத்தினார். யாராவது பெடலை மிதித்தால் கோச்சி ஓடும். விட்டால் நின்றுவிடும்.

எல்லாம் முடிந்தது. ஆனால் பாக்கியரத்தினம் கோச்சியை விட மாட்டேன் என்றார். ஏன்? டப்ளட் இல்லையே!

"விளையாட்டுக் கோச்சிக்கும் டப்ளட்டா, மாஸ்டர்?" என்று ஸெய்னுதீன் சிரித்தார்.

"டப்ளட் இல்லாமல் நான் ஒண்டையும் விட்டதில்லை."

அலுமாரியைத் திறந்தார். ஆனந்தனின் காக்கிச் சட்டையில் ஒரு பொத்தானைப் சவரப் பிளேடால் அறுத்தார். புஷ்பவதி குசினியிலிருந்து ஓடி வந்தா.

"பிள்ளையின்ர சட்டையில ஏன் கை வைக்கிறியள்? வந்து உடுக்கிறேல்லையோ அவன்?"

"ஒரு பொத்தான்தானே புஷ்பம்..."

"உங்களுக்கு எல்லாம் ஒண்டுதான்! டப்ளட், டப்ளட் எண்டு சொல்லிச் சொல்லித்தானே..." மிச்சத்தை அவ சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் அவருக்குக் கேட்டது. அன்றைக்கும் கேட்டது, அதற்கு முந்திய எல்லா நாளும் கேட்டது.

பொத்தானைக் கம்பி வளையத்தில் கோத்து எஞ்சினில் மாட்டினார். விளக்கு வைக்கிற நேரம். ஸெய்னுதீன் பெடலை மிதித்தார். ர்ர்ர்ர்... டைனமோ முனகியது. கோச்சி அசைந்தது. எவ்வளவு வடிவு தெரியுமா, கடலோரமாய்ப் போய், மரங்களைத் தாண்டி, மலைக்குப் பின்னால் மறைந்தது.

வரவில்லை.

ஸெய்னுதீன் மிதித்துக்கொண்டே இருக்கிறார். டைனமோ பாடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். எஞ்சின் நிற்கிறது. மதகுக்கு மேலே, சரியாய். தண்டவாளத்தில் பிழை இல்லை, வயரில் பிழை இல்லை. எஞ்சினில் கம்பி வளையம் இல்லை. பொத்தானும் இல்லை. கதவுக்கு மேலே, கீழே, வாங்குக்கு அடியில் எல்லாம் கையால் தடவித் தேடினார்கள்... கிடைக்கவில்லை.

"தூக்கி இஞ்சால வைங்க மாஸ்டர், திருப்பி ஓட்டிப் பாப்பம்," என்றார் ஸெய்னுதீன்.

இங்கேதான் மனுசன் பிழை விட்டார். வேறு யாராய் இருந்தாலும் இரண்டு விரலால் தூக்கி வைத்திருப்பான். பாக்கியரத்தினம் மாட்டேன் என்றார். டப்ளட் இன்னும் கைக்கு வரவில்லை. கோச்சி செக்சனுக்குள் நிற்கிறது. உள்ளே நிற்கிற கோச்சியில் கை வைக்கக்கூடாது. பிறந்த பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் மாதிரிச் சொன்னார். எஞ்சினை அப்படியே மதகில் விட்டுவிட்டு விளக்கை அணைத்தார்கள். கேர்பியூ, அதனால் ஸெய்னுதீன் அங்கேயே படுத்தார்.

மறுநாள் அவர் போய்விட்டார். பொழுது பட்டது. புஷ்பவதி குசினியில் புட்டு அவிக்கிறா. பாக்கியரத்தினம் விறாந்தையில்.

ர்ர்ர்ர்...

டைனமோ.

உள்ளே போய்ப் பார்த்தார். பெடல் சுற்றுகிறது. அவசரமில்லாமல், களைத்த ஆள் மிதிக்கிற மாதிரி, ஒரு சுற்று... நின்று... இன்னொரு சுற்று. சீற்றில் ஒருவரும் இல்லை. மணம் ஒன்று வந்தது. வயல் சேறு, தார், ஊறிப்போன தோல். அவர் விளக்கைத் தூக்கினதும் பெடல் நின்றது. எஞ்சின் மதகில் இல்லை. ஒரு சாண் இப்பால் வந்து நின்றது. ஸ்டேசன் பக்கமாக.

திரும்பினால் பின்னால் புஷ்பவதி. கையெல்லாம் மா. பயப்பட்டாவா? அதுதான் இல்லை. முகம் மலர்ந்து நிற்கிறா.

"இஞ்சாருங்கோ... பிள்ளை வாறான்."

அதன் பிறகு அந்த வீட்டில் பகல் என்று ஒன்று இல்லை. பகல் முழுக்க இருவரும் பொழுது படுவதையே நினைத்து அந்தரப்பட்டு, தவித்துக்கொண்டு திரிந்தார்கள். அவவுக்கு வரட்டும் என்று அந்தரம். இவருக்கு வந்துவிடுமே என்று அந்தரம். ஒவ்வொரு பொழுதும் ர்ர்ர்ர்... ஒவ்வொரு பொழுதும் ஒரு சாண், அரைச் சாண். மலையைச் சுற்றி இப்பால் வந்துவிட்டது. மரங்களடிக்கு வந்துவிட்டது. இவர் பெடலைக் கயிற்றால் கட்டுவார். விடியப் பார்த்தால் கயிறு அழகாய்ச் சுருட்டி சீற்றில் வைத்திருக்கும். ஆனந்தன் எப்போதும் கயிறை அப்படித்தான் சுருட்டுவான்.

ஸெய்னுதீன் ஒரு நாள் வந்து பார்த்தார். பார்த்த கையோடு டைனமோவைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"மாஸ்டர், மையித்து அடக்கக் கிடைக்காட்டியும் மனச ஆத்திக்கொள்ளணும். இப்பிடிக் கூப்பிடக் கூடா. இதக் கழட்டிப் போடுங்க, அல்லாவுக்காகச் சொல்றன்."

"அவன் செத்தது எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று புஷ்பவதி பாய்ந்தா. பாவம், நல்ல மனுசன். தலையைக் குனிந்துகொண்டு போனார்.

அன்று பொழுது பட்டது. சைக்கிளில் டைனமோ இல்லை. வயர் வெறுமனே தொங்குகிறது.

ர்ர்ர்ர்...

சத்தம் வந்தது. இந்த முறை நிற்கவில்லை. பாக்கியரத்தினம் விளக்கோடு ஓடினார். உள்ளே கால் வைத்ததும் விளக்கு அணைந்தது. காற்றில்லை... தானாய் அணைந்தது. சேற்று மணம் மூக்கில் ஏறியது. இருட்டுக்குள் கோச்சி வருகிறது. டக்-டக்... டக்-டக்... விளையாட்டுக் கோச்சியின் சத்தம் இல்லை அது. காலடி நிலமே அதிர்கிற, உண்மையான கோச்சியின் சத்தம். கிட்ட... இன்னும் கிட்ட.

அவருக்கு ஓட வேண்டும் போல இருந்தது. ஆனால் எத்தனை வருசப் பழக்கம்! கோச்சி ஸ்டேசனுக்கு வந்தால் ஸ்டேசன் மாஸ்டர் என்ன செய்வார்? வலக் கையை மடித்து நீட்டுவார், வளையத்தை வாங்க. அவருடைய கை தானாக நீண்டது.

வளையம் விழுந்தது.

கையில், முழங்கை மடிப்பில். பெரிய வளையம். பாரம். குளிர். ஈரம் சொட்டியது. கொடுத்த விரல்கள் ஒரு கணம் அவருடைய மணிக்கட்டைத் தொட்டன. தண்ணீரில் நெடுநாள் ஊறிய விரல்கள்... தோல் சுருங்கி, மெத்தென்று.

புஷ்பவதி குப்பி விளக்கோடு வந்தபோது அவர் நிலத்தில் இருந்தார். கையில் வளையம். தோல் பையெல்லாம் பாசி. உள்ளே வட்டத் தகடு, அதில் அவருடைய ஸ்டேசனின் பெயர். அன்றைக்குத் தன் கையால் கொடுத்த அதே டப்ளட். கதவின்மேல் குட்டி எஞ்சின் ஸ்டேசனில் வந்து நின்றது.

"கொண்டுவந்திட்டான் புஷ்பம்," என்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். "உயிர் போனாலும் விட்டிடாத எண்டனான்... விடேல்லை. கொண்டுவந்து என்ர கையில தந்திட்டான்."

அவ அழவில்லை. அறைப் பக்கம் பார்த்தா. வாசலில் கட்டின சேலை ஆடிக்கொண்டிருந்தது.

"டப்ளட் வந்தா ஆள் வந்தது எண்டுதானே நீங்கள் சொல்லுறனீங்கள்?"

ஓம், அவர் சொன்னதுதான்.  அது அவருடைய சட்டம்.

"களைச்சு வந்திருப்பான். திறந்த அறையில எப்பிடிப் படுப்பான்? அந்தக் கதவைத் திருப்பி மாட்டிவிடுங்கோ."

அப்போதே இருவருமாய்த் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். மலை, மரம், மதகு எல்லாம் முற்றத்தில். ஆணிகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினார்கள். கதவைத் தூக்கி நிறுத்திப் பிணைச்சலில் மாட்டினார்கள். சும்மா சாத்தினார், அவ்வளவுதான். பாக்கியரத்தினம் அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவார். சும்மாதான் சாத்தினார்.

விடியப் பார்த்தால் கதவு திறபடவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. அதன் பலகையும் உட்பக்கமாய்ச் சாத்தி. வேறு வாசல் இல்லை. கதவை உடைத்தார்களா என்று கேட்கிறீர்களா? உடைப்பார்களா! தாழ்ப்பாள் போட உள்ளே ஆள் இருக்கிறது. அது போதும் அவர்களுக்கு.

மாதங்கள் கழித்து, மூடிக் கிடந்த ரோட்டு திறந்த ஒரு இடைவெளியில், சோமசேகரம் பெரியப்பா வீட்டுக்குப் போனான். அவன் எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். காலை நேரம், நல்ல வெயில். பெரியப்பா பாதியாய்ப் போயிருந்தார். பெரியம்மா நன்றாய்க் கொழுத்து, பூ வைத்து, சிரிச்ச முகம். கதவைப் பார்த்தான். ஓரத்தில் நீலக் கடல் அப்படியே இருந்தது. கீழிருந்து மேலே இரண்டு வரிசை ஆணி ஓட்டைகள். கதவடியில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை, வழித்துத் தின்றது, விளிம்பில் காய்ந்த சேறு.

"பெரியப்பா, உடைச்சுப் பாப்பமோ?" என்று மெல்லக் கேட்டான்.

"வேண்டாம் தம்பி." அவர் கதவைப் பார்க்காமல் சொன்னார். "இவ்வளவு நாள் நான்தான் பேசாமல் இருக்கிறன். நீயும் பேசாத."

அப்போதுதான் சோமசேகரம் ஒன்றைக் கவனித்தான். அறைக்குள் எங்கோ ஓட்டு இடுக்கால் வெயில் விழுகிறது. அதனால் அந்த ஆணி ஓட்டைகள் எல்லாம் குட்டிக் குட்டி வெளிச்சமாய்த் தெரிந்தன, கீழிருந்து மேல் வரை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆக அடியில் இருந்த ஓட்டை இருண்டது. பிறகு அதற்கு மேலே இருந்தது. பிறகு அதற்கும் மேலே... ஒவ்வொன்றாய்... இடுப்பளவு... நெஞ்சளவு... அவனுடைய கண்ணுக்கு நேரே இருந்த ஓட்டையும் இருண்டது.

பின்னால் குசினியில் பெரியம்மா கேத்திலை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

"பிள்ளை எழும்பிட்டான்," என்று அவ குரல் கொடுத்தா. "தேத்தண்ணி வைக்கிறன் தம்பி. இருந்து அவனோட ஒண்டாக் குடிச்சிட்டுப் போ."